விரதகாரியும் ரப்பர்ப் புழுவும்

குகனேஸ்வரி மீன் தின்னமாட்டாள். மீன் மட்டுமல்ல, முட்டை போட்ட கேக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிற ஆள். இத்தாலியின் பலேர்மோ நகரத்து வுச்சீரியாச் சந்தைப் பக்கம் போகவேண்டி வந்தால், மீன்கடை வரிசையை விட்டு விலகி, சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றுவழியால் போவாள். கணவன் இராசரத்தினம் மீன் வாங்கி வந்தால் அதற்கென்று வீட்டில் தனிச் சட்டி, தனிக் கரண்டி. சமைப்பதும் கழுவுவதும் அவன் பாடு. இப்படிப்பட்டவள்தான் 1998இல் ஒரு மீன்பிடிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். கபோப் பகுதியில் இருக்கும் தமிழ்க் கடையில் இந்தச் செய்தியைக் கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கு நடந்தது பாதிதான் தெரியும்.

லிபெர்த்தா வீதியில் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவரின் வீட்டில் அவளுக்கு வேலை. பலேர்மோவில் வைத்தியரைத் ‘தொத்தோரே’ என்பார்கள். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். மனிதருக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் இருக்கமாட்டார். மலைகளுக்குள் இருக்கும் அணைக்கட்டு ஏரிக்கு, பாஸ் என்கிற மீனைப் பிடிக்க ஓடவேண்டும். அவருடைய மனைவி சிஞ்ஞோரா ஒரே போடாகப் போட்டுவிட்டார்: குகா கூடப் போனால் போகலாம், இல்லையென்றால் சோபாவில் இருந்து காற்பந்து பார்க்கலாம். அதனால் ஞாயிறு தோறும் குகனேஸ்வரி ஒரு மடக்குக் கதிரை, ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல், தொத்தோரேயின் மாத்திரைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் காவல் இருந்தாள்.

காவல் இருப்பது தொத்தோரேக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தால் மீன் எப்படிக் கடிக்கும் என்று முணுமுணுத்தார். மூன்றாம் வாரமோ நாலாம் வாரமோ இன்னொரு தூண்டிலைக் கொண்டுவந்து அவளுடைய மடியில் வைத்தார்.

“நான் சைவம், தொத்தோரே. பாவம் செய்யமாட்டேன்,” என்றாள் அவள் தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில்.

அவர் ஒரு பையைத் திறந்து எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் போட்டார். விரல் நீளத்தில் ஒரு புழு. வீரிட்டுக் கத்த வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள். புழு ரப்பர் மாதிரி மெத்தென்று, கத்தரிக்காய் நிறத்தில், தொட்டால் நடுங்கிக்கொண்டு கிடந்தது. மோந்து பார்த்தாள். பெருஞ்சீரக வாசம்.

“இதுவும் சைவம்தான்,” என்றார் தொத்தோரே. “மீனையும் நாங்கள் கொல்வதில்லை. பிடிப்போம், அளப்போம், திருப்பி விடுவோம்.”

அந்த வாரம் முழுக்கக் குகனேஸ்வரி நிலம் துடைக்கும்போதும் இஸ்திரிப்பெட்டியால் சட்டை மினுக்கும்போதும் இதையே யோசித்தாள். கடைசியில் இராசரத்தினத்திடம் தன்னுடைய தீர்ப்பைச் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, கொல்லுறதில்லை, தின்னுறதில்லை. புழுவும் ரப்பர். வாயிலை ஒரு குத்துத்தான். பல்லு டொக்டர் எங்கடை வாயிலை குத்துறேல்லையே?”

“பிடிச்ச மீனைத் திருப்பி விடுறதோ?” இராசரத்தினத்துக்கு நெஞ்சு பதறியது. “அது பாவமில்லை, விசர்!”

தொத்தோரேயின் மீன்பிடியில் பலத்துக்கு வேலை இல்லை. மற்றவர்கள் பளபளக்கும் தகரமீன்களைத் தூர எறிந்து சரசரவென்று சுற்றுவார்கள். இவர்களுடைய தூண்டிலோ ஈர்க்கு மாதிரி மெல்லியது. நூல் தலைமயிர் மாதிரி. கொளுக்கிக்கு ஒரு சாண் மேலே மிளகளவு ஈயக் குண்டு ஒன்றைக் கடித்து இறுக்கி, புழுவை எறிந்து அடியில் போய் இருக்க விடவேண்டும். பிறகு நுனியை மெல்ல ஒரு நடுக்கம். பிறகு சும்மா இருக்கவேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். “பியானோ, பியானோ,” மெல்ல, மெல்ல என்று தொத்தோரே பக்கத்தில் நின்று ஓதிக்கொண்டே இருப்பார்.

குகனேஸ்வரி ஆட்காட்டி விரலை நூலில் வைத்துக்கொண்டு நின்றாள். சீனிப்பாகு கம்பிப்பதம் வந்ததோ என்று இரண்டு விரலுக்கு நடுவில் பார்க்கிற மாதிரித்தான் அவளுக்கு இருந்தது. கல் தட்டுவது தெரிந்தது. கொடி தடவுவது தெரிந்தது. பிறகு ஒரு ‘டொக்’. கல்லும் இல்லை, கொடியும் இல்லை, யாரோ தொட்டுவிட்டு ஓடியதுபோல. அவள் நுனியை உயர்த்தினாள். மறுமுனையில் ஒரு உயிர் திமிறியது!

“ஐயோ! ஐயோ! ஐயையோ!” அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன் தொப்பியைக் கழற்றிவிட்டு யாருக்கு என்ன நடந்ததென்று பார்த்தான்.

தொத்தோரே குனிந்து, பெருவிரலை மீனின் வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையைப் பிடித்தார். மீன் அப்படியே அடங்கிப்போனது. தன்னிடம் வந்த நோயாளிகளில் இவ்வளவு ஒழுக்கமானவர் ஒருவரும் இல்லை என்றார். கொளுக்கியைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டார். அது வாலை ஒரு விசிறு விசிறிவிட்டுப் போனது. குகனேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வாரம் முழுக்க மற்றவர்களின் நிலம், மற்றவர்களின் மருந்து நேரம், மற்றவர்களின் சட்டைக் கழுத்து. இந்த மீன் மட்டும் அவளைத் தேடி வந்திருந்தது. அன்றிலிருந்து ஞாயிறு எப்போது வரும் என்று தவம் கிடந்தது அவள்தான். தொத்தோரே சளி என்று படுத்தாலும், “ஏரிக்காற்று நல்லது,” என்று எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஐப்பசியில் ஏரிக்காரர்களின் சங்கம் சோடிப் போட்டி வைத்தது. கரையில் நின்று பிடிக்கவேண்டும், உயிரோடு அளந்து விடவேண்டும். தொத்தோரே தங்கள் இருவரின் பெயரையும் கொடுத்துவிட்டுத்தான் வந்து சொன்னார். அவள் துள்ளிக் குதித்தாள். பிறகு நாட்காட்டியைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

போட்டி நாள் சூரன் போர். கந்தசஷ்டி விரதத்தின் ஆறாம் நாள். அந்த விரதத்தை ஆறு வருடம் முறிக்காமல் இருக்கவேண்டும், இது அவளுடைய ஆறாவது வருடம். இராசரத்தினம் இத்தாலிக்கு வரும் வழியில் மொஸ்கோவில் மாட்டுப்பட்டு, ஏஜென்சிக்காரன் கைவிட்டு நின்ற காலத்தில், அவன் பத்திரமாக வந்து சேரவேண்டும் என்று முருகனுக்கு வைத்த நேர்த்தி அது. அவன் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. நேர்த்தியை முடித்துக் கொடுக்கவேண்டியது மட்டும் பாக்கி.

“விரதம் இருக்கிற மனிசி சூரன் போரண்டைக்கு மீன் பிடிக்கப் போறதோ? உமக்கு என்ன விசரே? ஊர் சிரிக்கும்,” என்றான் இராசரத்தினம்.

“இஞ்சை எங்கையப்பா ஊர்? கபோவிலை நாலு பேர். அவை இப்பவே சிரிக்கினம்தானே?”

ஆனாலும் மனம் கேட்கவில்லை. அருளையாவிடம் போனாள். அருளையா கிழமை நாட்களில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். விசேட நாட்களில் பலேர்மோத் தமிழருக்குப் பூசை செய்கிறவரும் அவர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

“பிள்ளை, கொல்லுறியோ?”

“இல்லை ஐயா.”

“தின்னுறியோ?”

“சிவசிவா! என்ன கதை கதைக்கிறியள்?”

“மீனைக் கையாலை தொடுறியோ?”

“தொத்தோரேதான் கழட்டுறவர். நான் இதுவரைக்கும் தொட்டதில்லை.”

“அப்ப போ. ஆனால் தொடாதை. தொட்டியெண்டால் விரதம் முறிஞ்சுது. பிறகு என்னட்டை வந்து அழக்கூடாது.”

அவ்வளவு போதும். குகனேஸ்வரி படிகளில் தாவி இறங்கினாள்.

அன்றைக்குக் காலை ஏரியில் பனிப்புகார் மூடியிருந்தது. ஆறாம் நாள் என்றபடியால் அவள் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கவில்லை. வயிறு காய்ந்து, காது கூர்மையாகி, விரல் நுனி முழுக்கக் கண்ணாக இருந்தது. தண்ணீர் குளிர்ந்திருந்ததால் மீன்கள் மந்தமாக இருந்தன. தகரமீன் எறிந்தவர்கள் எறிந்து எறிந்து தோள் நோகிறது என்றார்கள். இவர்களுக்கோ நடுக்கிவிட்டுச் சும்மா இருக்கிற வேலைதானே! தொத்தோரேக்கு இரண்டு கிடைத்தன. அவளுக்கு ஒன்று கிடைத்தது, அவர்தான் கழற்றினார். பாறையில் இருந்த கிழவர்கள் இருவர் எழும்பி வந்து அவளுடைய கையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

முடிவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது தொத்தோரேக்கு மாத்திரை நினைவு வந்தது. மாத்திரை மேட்டில் நின்ற காரில். வழக்கமாக அவளே கொண்டு வருகிறதுதான். அன்றைய அவசரத்தில் மறந்துவிட்டாள். அவர் மெல்ல மேடு ஏறினார்.

‘டொக்.’

அவள் மூச்சை அடக்கினாள். இன்னொரு ‘டொக்’ வரவில்லை. நூல் தானாகவே பக்கவாட்டில் நகர்ந்தது, யாரோ புழுவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்து போகிறமாதிரி. நுனியை உயர்த்தினாள். தூண்டில் வில்லாய் வளைந்து, சுற்றுப்பெட்டி கிறீச்சிட்டு நூலைக் கக்கியது. தண்ணீர் பிளந்தது. பச்சை முதுகும், வாளி வாய் அளவு வாயுமாக ஒரு பெரிய பாஸ் வெளியே எழும்பி, தலையை உதறிவிட்டு விழுந்தது.

“தொத்தோரே! ஓடி வாருங்கள்!” என்று அலறினாள். பிறகு ஓடக்கூடாத மனிதர் என்று நினைவு வந்து, “ஓடாதீர்கள்! மெல்ல வாருங்கள்!” என்று அதைவிடப் பெரிதாக அலறினாள்.

அவர் மேட்டின் நடுவில் நின்று கையை ஆட்டினார். கிழவர்கள் இருவரும் “விடாதே, விடாதே” என்று குதித்தார்கள். சோடியில் மற்றவரைத் தவிர வேறு யாரும் தூண்டிலையோ மீனையோ தொட்டால் கணக்கில் சேராது. மீன் கரைக்குக் கிட்ட வந்தது. வந்த வேகத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு பட்டமரத்தின் கிளைகளுக்குள் புகுந்துகொண்டது. தலைமயிர் நூல் கிளையில் உரசுவது அவளுடைய விரலில் கரகரத்தது. இன்னும் இரண்டு உதறல், அவ்வளவுதான். நூல் அறுந்தால் மீன் போய்விடும். தொத்தோரே வரும்வரை அது தாங்காது.

மீனைத் தொட்டால் ஆறு வருடம் போய்விடும்.

பிறகு எல்லோரும் கேட்டார்கள், தலைமுழுகித் தோய்ந்தால் தீட்டுப் போய்விடும் என்று நினைத்துத்தான் இறங்கினாயா என்று. ஒன்றும் நினைக்கவில்லை. அந்த மீனை விட அவளுக்கு மனமில்லை, அதுதான் உண்மை. சப்பாத்தோடும் சுடிதாரோடும் ஏரிக்குள் இறங்கினாள். இடுப்பளவு, நெஞ்சளவு, கழுத்தளவு. குளிர் எலும்பில் ஏறியது. தூண்டிலை ஒரு கையில் உயர்த்திப் பிடித்து, மறு கையால் நூல் வழியே தடவிக்கொண்டு போனாள். மீன் கிளைக்குக் கீழே கிடந்தது. எட்டவில்லை. வாயை இறுகப் பொத்திக்கொண்டு தலையோடு முங்கினாள். அந்த நிலையிலும் ஒரு சொட்டு உள்ளே போய்விடக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்!

பெருவிரல் மீனின் வாய்க்குள் போனது. உள்ளே அரம் போலச் சொரசொரத்தது. கீழ்த்தாடையைப் பிடித்தாள். மீன் அடங்கியது.

அவள் மேலே வந்தபோது கரை முழுக்கக் கைதட்டியது. தொத்தோரே மேட்டில் அப்படியே குந்தி இருந்து கண்ணைத் துடைத்தார். அளந்து பார்த்தார்கள், அன்றைய மீன்களுக்குள் அதுதான் பெரிது. தன் கையாலேயே அதைத் தண்ணீரில் விட்டாள். அது கொஞ்ச நேரம் அவளுடைய உள்ளங்கையில் இளைப்பாறிவிட்டுத்தான் போனது. அவளுக்குப் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. அவ்வளவு சந்தோசத்தை அவள் அதுவரை தனக்கென்று அனுபவித்ததில்லை.

தொத்தோரேயின் காரில் நேரே பூசை நடக்கும் மண்டபத்துக்கு வந்தாள். காரிலேயே சேலைக்கு மாறியிருந்தாள், தலை மட்டும் சொட்டச் சொட்ட ஈரம். மட்டையில் செய்த சூரன் தலை விழுந்து, அரோகரா முழங்கி, தீபம் காட்டி முடிந்தது. ஈரத்தலையைப் பார்த்த பெண்கள், “தலைக்குத் தோய்ஞ்ச கையோடை வந்திருக்கிறா, அதெல்லோ பக்தி,” என்று சொல்லிக்கொண்டார்கள். குகனேஸ்வரிக்கு அது பொறுக்கவில்லை. நேரே அருளையாவின் முன்னால் போய் நின்றாள். பின்னால் இராசரத்தினம் நின்றான்.

“ஐயா, நான் மீனைத் தொட்டிட்டன்.”

அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அருளையா அவளுடைய ஈரத்தலையையும், வெளிறிப்போன இராசரத்தினத்தின் முகத்தையும் பார்த்தார். மனிதருக்கு இரக்கம் வந்துவிட்டது.

“தொட்டதும் தண்ணிக்குள்ளை, தோய்ஞ்சதும் அதே தண்ணி. தீட்டு அங்கையே போச்சுது, பிள்ளை. குறையில்லை.”

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

“இல்லை ஐயா. தோய எண்டு நான் இறங்கேல்லை. மீனுக்காண்டித்தான் இறங்கினனான். தெரிஞ்சு, ஆசைப்பட்டுத் தொட்டனான். முருகனுக்குப் பொய் சொல்லேலாது.”

அருளையா தாடியைச் சொறிந்தார். “அப்ப இந்த வருசம் கணக்கில்லை. இன்னுமொரு வருசம் இருக்கவேணும். ஏழு.”

“இருக்கிறன்.”

“வாற வருசமும் உந்தப் போட்டி இதே நாளிலை வந்தால்?”

“போவன் ஐயா.”

“தொடுவியோ?”

“வந்தால் தொடுவன்.”

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

“அப்ப எட்டு,” என்றார் அருளையா.

“எட்டெண்டால் எட்டு, ஐயா.”

விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு இராசரத்தினத்தோடு வீட்டுக்கு நடந்தாள். விரதம் முறிந்துவிட்டது என்று தன் வாயாலேயே சொன்னவள்தான். ஆனாலும் மறுநாள் காலையில் விரதம் முடித்துச் சாப்பிடும் பாரணை வரும்வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவள் குடிக்கவில்லை.