முன்மொழிந்தவர் கையெழுத்து

பஞ்சவர்ணம் எதற்கும் அஞ்சாதவர் என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது தப்பு. 1996-இல் உள்ளாட்சித் தேர்தலுக்கு நின்றபோது அவர் பயந்த மாதிரி இந்தத் தெருவில் வேறு யாரும் பயந்ததில்லை.

ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை மதிலுக்குப் பின்னால் நான்கு தெருக்கள் உண்டு. தொழிலாளிகள் மனை வாங்கிக் கட்டிய வீடுகள். பஞ்சவர்ணத்தின் கணவர் வீராசாமிக்கு அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை, இருபத்திரண்டு வருட சர்வீஸ். தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. கஜபதி என்பவரின் தண்ணி லாரி வந்தால்தான் குடம் நிறையும். அதுவும் அவர் மனது வைத்த நாளில்தான். ஒருநாள் லாரி நிற்காமல் போனபோது பஞ்சவர்ணம் காலிக் குடத்தோடு அதன் முன்னால் போய் நின்றார். அன்றிலிருந்து பெண்கள் எல்லாவற்றுக்கும் அவரைத்தான் தேடி வந்தார்கள். பத்து வருடம் நடக்காமல் இருந்த தேர்தல் அறிவிக்கப்பட்டு, வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும், அவரை நிற்கச் சொல்லி வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கஜபதியும் தன் மனைவி நாகம்மாளை நிறுத்தினார்.

வேட்புமனு கொடுக்கப் போன அன்று வீராசாமி அரை நாள் பர்மிஷன் போட்டுக் கூடப் போனார். அதே வார்டில் ஓட்டு உள்ள ஒருவர் முன்மொழிய வேண்டும் என்று தேர்தல் அலுவலர் சொன்னார். பஞ்சவர்ணம் பக்கத்தில் திரும்பினார். வீராசாமி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கீழே தன் தொழிற்சாலை டோக்கன் நம்பரையும் எழுதினார். அந்தத் தொழிற்சாலைக்காரர்களுக்கு அது கையோடு வந்துவிட்ட பழக்கம். பேரை எழுதினால் நம்பரையும் எழுதிவிடுவார்கள். கேன்டீன் கூப்பன், சைக்கிள் ஸ்டாண்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூட ரேங்க் கார்டு என்று எதிலும் அது இருக்கும். கல்யாண வீட்டு மொய்க் கவரில்கூட இருக்கும். அலுவலர் மனுவுக்கு வரிசை எண் கொடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டார். இருவரும் சந்தோஷமாக பஸ் ஏறினார்கள்.

மறுநாள் காலை, தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. யூனியனில் இருக்கும் இராமகிருஷ்ணன் யார் முன்மொழிந்தது என்று சாதாரணமாகத்தான் கேட்டார். வீராசாமி பெருமையோடு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

இராமகிருஷ்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "இன்னாண்ணா பண்ணி வச்சிக்கீற? நாம சென்ட்ரல் கவர்மென்ட்டு, எலக்சன்ல எறங்கக் கூடாது. பொண்டாட்டி நிக்கலாம், தப்பில்ல. நீ கையெழுத்து போட்டா நீயே எலக்சன் வேல பாத்த மாதிரி. நம்பர் வேற எழுதிக்கீறியா? ஆபீஸ்காரனுங்க தேடவே வாணாம்."

ஒரு முறை பிரசாரம் செய்த யாரையோ வேலையை விட்டே அனுப்பினார்கள் என்று தொழிற்சாலையில் ஒரு பேச்சு உண்டு. அது நிஜமா என்று யாருக்கும் தெரியாது. வீராசாமி பாதி டீயோடு எழுந்து வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். பஞ்சவர்ணம் அடுப்பை அணைத்துவிட்டார். சாதம் பாதி வெந்தபடியே கிடந்தது.

இருவரும் தேர்தல் அலுவலகத்துக்கு ஓடினார்கள். மனுவைத் திருப்பிக் கொடுங்கள், வேறு ஆளை வைத்துக் கொண்டுவருகிறோம் என்று பஞ்சவர்ணம் கெஞ்சினார். வேறு ஆளை வைத்து இன்னொரு மனு கொடுக்கலாம், ஆனால் வாங்கிய மனுவைத் தர முடியாது என்றார் அலுவலர். வெளியே அறிவிப்புப் பலகையில் வேட்பாளர் பெயர்களும், எதிரே முன்மொழிந்தவர் பெயர்களும் ஒட்டியிருந்தன. கஜபதி அங்கே நின்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். வீராசாமியின் பெயரில் விரல் நின்றது. திரும்பி இவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

பரிசீலனை அன்றே அவர் வாயைத் திறந்தார். முன்மொழிந்தவர் அரசாங்க ஊழியர் என்று எழுந்து ஆட்சேபணை சொன்னார். அவருக்கு இந்த வார்டில் ஓட்டு இருக்கிறது, எனக்கு அது போதும், மற்றதை அவருடைய ஆபீஸ்தான் பார்க்க வேண்டும் என்று அலுவலர் மனுவை ஏற்றுக்கொண்டார். ஜெயித்த மாதிரி இருக்க வேண்டிய நேரம். பஞ்சவர்ணத்துக்கோ 'ஆபீஸ்' என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது.

அன்று சாயங்காலம் கஜபதி வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பையிலிருந்து, வீராசாமி மேல் தொழிற்சாலைக்கு டைப் அடித்த புகார் மனுவை எடுத்துக் காட்டி, மறுபடி மடித்து வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, எனக்கு ஒண்ணும் பகை இல்ல. நாளான்னைக்கு மூணு மணி வரிக்கும் டைம் கீது. வாபஸ் வாங்கிக்க. இது என் பையிலயே இருந்துட்டுப் போவட்டும்."

அடுத்த இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்துவிட்டதென்று பஞ்சவர்ணம் ஜன்னலுக்கு ஓடுவார். கேட்டில் செக்யூரிட்டி தன்னை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்ததாக வீராசாமி சொன்னார். வாபஸ் வாங்கிவிடுவது என்று பஞ்சவர்ணம் முடிவு செய்தார்.

கடைசி நாள் இரண்டே காலுக்கு இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். வாபஸ் படிவத்தில் எல்லாம் நிரப்பியாயிற்று. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனா காகிதத்தைத் தொடும்போது பஞ்சவர்ணம் நிமிர்ந்தார்.

"சார், நான் வாபஸ் வாங்கிட்டா நான் கொடுத்த மனுவ கிழிச்சிப் போட்டுடுவீங்களா?"

"கிழிக்கக் கூடாதும்மா. கட்டி பத்திரமா வைப்போம்."

"யாரான்னா கேட்டா?"

"மனு எழுதிக் கொடுத்தா நகல் தருவோம்."

அவர் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். அவருடைய பயம் குறையவில்லை. இனிமேல்தான் அதிகம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. கணவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"இன்னிக்கி கையெழுத்து போட்டாலும் அந்தக் காயிதம் உள்ளதான்யா கீது. தண்ணி வர்லன்னு நான் வாயத் தொறக்கறப்பல்லாம் அந்தாளு பையத் தட்டிக் காட்டுவான். நீ ரிட்டேர் ஆவற வரிக்கும் நாம பயந்துகினே இருக்கணும். வேல உன்னுது. நீ சொல்லு. இப்பயே போட்டுட்றேன்."

வீராசாமி உள்ளே எட்டிப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் இரண்டு ஐம்பதைத் தாண்டியது. அவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அவன் சொல்றதுக்கு முன்னாடி நானே போயி சொல்லிட்றேன் பஞ்சு," என்றார் கடைசியில். "நீ போடாத."

மூன்று அடித்தது. வீராசாமி நேராகத் தொழிற்சாலைக்குப் போய், தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பஞ்சவர்ணம் காத்திருந்தார். திரும்பி வந்தவரிடம் இன்னா சொன்னாங்க என்று கேட்டார். ஒண்ணும் சொல்லல, வாங்கி வச்சிக்கினாங்க என்றார் அவர். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருவருக்குமே தோன்றியது.

அதன் பிறகு பஞ்சவர்ணம் தனியாகவே ஓட்டுக் கேட்டுப் போனார். வீராசாமி வேலைவிட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வார். மனைவியின் தேர்தல் சின்னம் எதுவென்று யாராவது கேட்டால் தெரியாது என்பார். பிரசாரத்துக்கு வந்த பெண்களுக்குத் தண்ணீர் கொடுக்கவும் பயந்து, குடத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். கஜபதியின் மனுவும் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அறுபத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில் பஞ்சவர்ணம் ஜெயித்தார். வாசலில் சரவெடியைப் பிரித்தவர்களைக் கும்பிட்டு அடுத்த தெருவுக்கு அனுப்பிவைத்தார். யாரோ கொடுத்த லட்டு பிரிக்காமலே கிடந்தது.

எட்டாம் நாள் தொழிற்சாலையிலிருந்து ஆர்டர் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. இராமகிருஷ்ணனை அழைத்து வந்து கையில் கொடுத்தார்கள். அவர் வாய்க்குள்ளேயே படித்தார். இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் பக்கம் முடிந்தது. அவர் இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார்.

"ஒரு வருஷத்துக்கு இன்கிரிமென்ட் கட்டு," என்றார். "அவ்ளோதான்."

"வேல?" என்று கேட்டார் பஞ்சவர்ணம்.

"வேல கீதுக்கா."

கவுன்சிலர் பஞ்சவர்ணம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். இந்த முறை வாய்விட்டு.