கடலடிக்குப் போகாத செய்தி

எங்கள் அம்மா இறந்த செய்தியை அண்ணாவுக்கு மறைத்தவன் நான். பிறகு அந்தப் பழியை அவருடைய கப்பலின் கப்டன்மேல் போட்டவனும் நானே. இதை விட்டுவிட்டு அண்ணாவைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அண்ணா பருத்தித்துறையில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். இளவயதில் இங்கிலாந்து சென்று, கடற்படையின் மின்பிரிவில் சேர்ந்தார். அந்நாட்டின் ஆரம்பகால அணுசக்தி ஏவுகணை நீர்மூழ்கிகளில் ஒன்று முதன்முதலாகக் கடலுக்குப் போனபோது அவரும் அதில் இருந்தார். ஒரு கப்பலுக்கு இரண்டு குழுக்கள். ஒரு குழு கரைக்கு வந்ததும் மற்றது புறப்படும். மாதக்கணக்கில் நீருக்கடியிலேயே இருப்பார்கள். எங்கே என்று வீட்டாருக்குத் தெரியாது. ஏவுகணைகளுக்குப் பயப்படாத சமையல்காரர், தான் கொண்டுபோன மிளகாய்த்தூளுக்குப் பயந்த கதையை அண்ணா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கிழமைக்கு ஒரு தடவை வீட்டார் சில வரிகள் அனுப்பலாம். அங்கிருந்து பதில் வராது. கிளாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்த நானே அவற்றைக் கடற்படையின் கரை அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பேன். துக்கச் செய்தி வந்தால் கடலிலேயே சொல்வதா, கரைக்கு வந்த பிறகு சொல்வதா என்று ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கேட்டுவைப்பார்கள். எதற்காகவும் கப்பல் திரும்பாது. அண்ணா கடலிலேயே சொல்லும்படி கேட்டிருந்தார்.

"என்ன நடந்தாலும் மறைக்காதை தம்பி. அங்கையிருந்தெண்டாலும் நான் அழவேணும்" என்று என்னிடமும் சொல்லிவிட்டே போனார்.

அம்மா இறந்த தந்தி வந்தபோது எனக்குத் துணிவு வரவில்லை. "அம்மா சுகம்" என்று எழுதினேன். ஒரு தடவை எழுதிய பிறகு மாற்றவும் முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடந்த கிழமையும் அதையே எழுதினேன். கரைக்கு வந்தவரிடம், நான் உடனே அறிவித்ததாகவும், துக்கச் செய்தி எதுவானாலும் மறைத்து, சுகம் என்றே எழுதவைக்கும்படி கப்டன்தான் புறப்படும் முன்பே கரை அலுவலகத்தில் சொல்லிவைத்திருந்ததாகவும் கூறினேன். தனக்கு எதுவும் தெரியாது என்று கப்டன் சொன்னதை அண்ணா நம்பவில்லை. என்னை நம்பினார். கப்டன் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, தான் நேசித்த வேலையையும் விட்டார்.

மெல்பேர்ணுக்கு வந்த பிறகும் பழைய தோழர்களின் ஒன்றுகூடலுக்கு அவர் போனதில்லை. அண்மையில் அவுஸ்திரேலியா அணு நீர்மூழ்கி வாங்கும் செய்தி தொலைக்காட்சியில் போனபோது, "அந்தக் கப்டன் ஒரு மனிசனே?" என்றார். மல்கிரேவில் அவருடைய வீட்டுக் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணா, கப்டனுக்கு ஒண்டும் தெரியாது. நான் அறிவிக்கவேயில்லை."

அண்ணா எழுந்துபோய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார். "தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போ" என்றார்.

அதன்பின் பல கிழமைகள் என் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒரு நாள் அவரே அழைத்தார்.

"கப்டனைத் தேடு. நீதான் சொல்லவேணும், நானில்லை."

என் பெறாமகள், அண்ணாவின் மகள், கப்டனின் வீட்டாரைத் தேடிப் பிடித்தார். கப்டன் காலமாகியிருந்தார். ஸ்கொட்லாந்தில் இருந்த அவருடைய மனைவியிடம், அண்ணாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காணொளி அழைப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த இளைஞனுக்கு நான் என்ன பிழை செய்தேன்?" என்று தன் கணவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்ததாக அந்த அம்மையார் சொன்னார். அண்ணா தொலைபேசியை வாங்கி அழுதார். பிறகு மிளகாய்த்தூள் கதையைச் சொன்னார். அதன்பின் ஞாயிறுதோறும் இருவரும் பேசினார்கள். கதிரையை இழுத்து என்னையும் பக்கத்தில் இருத்திக்கொள்வார். மன்னித்ததாக மட்டும் அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அண்ணாவைக் கடைசிவரை பராமரித்த தாதியருக்கும், கேரம் டவுன்ஸ் கோயில் குருக்களுக்கும், தோள் கொடுத்த உறவினர், நண்பர்கள் யாவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மலர்வளையம் அனுப்பிய கப்டனின் மனைவியாருக்கும் நன்றி. அண்ணாவின் மறைவை அவருக்கு அன்றைக்கே நான்தான் அறிவித்தேன்.