சாமி படத்தடியில் ஒரு பெட்டி

மொரப்பூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. அன்று லோடு போகவேண்டிய நேரத்தில் பேரிங் தீர்ந்து வேலை நின்றது. "சப்ளையர் இழுத்தடிக்கறாருங்க" என்று முதலாளியிடம் பழியைப் போட்டுவிட்டு, கோவை சப்ளையரிடம் போனில் கெஞ்சினேன். பாவம், விருந்துச் சாப்பாட்டில் பாதியில் எழுந்த மனிதர், பேரிங் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்துவிட்டார்.

வந்தவர் ஸ்டோர்ஸில் இருந்த சாமி படத்தைக் கும்பிட்டார். அப்படியே குனிந்தார்.

"ஏனுங்க, இதுவும் நம்ம பேரிங் பெட்டிதானுங்களே?"

ஆயுத பூஜையன்று பொட்டு வைத்து நானே அங்கே வைத்த பெட்டி. அதற்குத்தான் தினமும் ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னால் நின்ற முதலாளி என்னை முறைத்தார். சப்ளையர் முந்திக்கொண்டார். "சாமிக்கு வெச்சத எடுக்கலாமுங்களா? அதானுங்க நான் கொண்டாந்தேன்."

இப்போதெல்லாம் ஸ்டாக் எண்ணுவதைச் சாமி படத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். கும்பிடும்போது கோவைத் திசைக்கும் ஒரு கும்பிடு.