பத்துக் கையெழுத்து, ஆறு கோப்பை

1986 பெப்ரவரி, ஒரு வியாழக்கிழமை. என் டயரிப் பக்கம் சொல்கிறது: “பனி. நூலக மாடி அறை. வகுப்புக்கு வந்தவர்கள் ஆறு பேர்.”

அதே வியாழக்கிழமைக்குரிய நூலக வரவுத் தாளின் கார்பன் பிரதி சொல்கிறது: “வந்தவர்கள் பத்துப் பேர்.” பத்துக்கும் கையெழுத்து உண்டு.

இரண்டும் என்னிடமே இருக்கின்றன. போன வாரம் பழைய பெட்டி ஒன்றை ஒதுக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று செருகியபடி கிடைத்தன. கல்யாணக் கார்டில் கிழமை பிழையாக இருந்தால்கூட போன் எடுத்துச் சொல்கிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் எப்படி இதற்கு உடந்தையானேன்?

சொல்கிறேன்.

அப்போது நாங்கள் ஸ்கீவவிலிருந்து அரைமணி பஸ் தூரத்தில் ஒரு சிறு ஊரில் இருந்தோம். டென்மார்க்கில் எதற்கு இங்கிலீஷ் வகுப்பு என்று கேட்பீர்கள். டேனிஷ் பகலில் படித்தோம்தான். ஆனால் அது நாக்குக்கு வந்து சேரும்வரை காய்ச்சல் காத்திருக்குமா? உடைந்த தண்ணீர்க் குழாய் காத்திருக்குமா? இந்த ஊர்க்காரர் அநேகருக்கு இங்கிலீஷ் தெரியும். எங்களிலும் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். அரைகுறையை முக்காலாக்கினால் போதும்... யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளார்க்காக இருந்த என்னை எல்லோரும் சேர்ந்து ‘மாஸ்டர்’ ஆக்கினார்கள். சம்பளம் இல்லை, பட்டம் மட்டும்.

அறை தந்தவர் நூலகப் பொறுப்பாளர் கீர்ஸ்டன். உயரமான பெண்மணி, சிரிப்பு மிகக் குறைவு. வியாழன் ஐந்தரைக்கு ஒரு பிளாஸ்க் கோப்பியும் தட்டு நிறையக் கோப்பைகளும் மேசையில் வைத்துவிட்டுப் போவார். ஒரே நிபந்தனை. பத்துப் பேராவது வர வேண்டும். குறைந்தால் அறை செஸ் கிளப்புக்குப் போய்விடும். அது விதி என்றார்.

முதலில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஊருக்கு ஒரு வீடியோ டெக் வந்தது! படக் கசெட் வியாழன் வரும், வெள்ளி ஸ்கீவவுக்குப் போய்விடும். இங்கிலீஷா, படமா? பதில் உங்களுக்கே தெரியும்.

தாளில் மட்டும் பத்துக் குறையவே இல்லை. பார்த்தால், வகுப்பிலேயே இளையவனான பாலன் குனிந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான்.

“என்ன பாலன் இது?”

“கம்பஸில நாலு பேருக்கு ‘பிரசன்ட் சேர்’ சொன்ன வாய் மாஸ்டர் இது. கைக்கு மட்டும் என்ன வெக்கம்?”

வலது கையால் இரண்டு, இடது கையால் இரண்டு. இடது கைதான் அழகாக எழுதியது.

நம்மவர்களிடம் நான் கண்டது இது. வேறு எந்தக் கடதாசியிலும் ஒரு புள்ளி பிசக மாட்டோம். ஆனால் சிநேகிதனின் வரவுக்குக் கையெழுத்துப் போடுவது நமக்குப் பொய்யே அல்ல, உதவி! நானும் வாய் திறக்கவில்லை. டயரியில் ஆறு என்று எழுதி என் மனச்சாட்சியைத் தேற்றிக்கொண்டேன். அறை போய்விடக் கூடாதே.

அந்த அறை யாருக்கு மிகவும் தேவைப்பட்டது? ஜெசிந்தாவுக்கு.

ஜெசிந்தா மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளை. ஆறு மாதக் கர்ப்பிணி. கணவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, லீவு கிடைக்காது. மருத்துவிச்சியிடம் முதல் தடவை போனபோது மொழிபெயர்க்க பாலன்தான் கூடப் போனான். மருத்துவிச்சிகள் என்னென்ன கேட்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஜெசிந்தா பிறகு என்னிடம் சொன்னாள்:

“அவன் சுவரைப் பாத்துக் கேட்டான் மாஸ்டர். நான் நிலத்தைப் பாத்து ‘எல்லாம் நல்லம்’ எண்டன். சொல்லவேண்டியது ஒண்டு இருந்தது... சொல்லேல்ல.”

அடுத்த தவணை மார்ச்சில். அதற்குள் தானே பேசப் பழக வேண்டும். அதனால் பனியோ மழையோ, ஒரு வியாழனும் தவறாமல் வந்தாள்.

டயரி சொல்லும் அந்த வியாழன் பாலனுக்குக் கை அலுத்துவிட்டது.

“எல்லாக் கையெழுத்தும் ஒரே மாதிரி வருது அக்கா. வராத புஷ்பா அக்கான்ர ஒண்டை நீங்கள் போடுங்கோ.”

ஜெசிந்தா பேனையை வாங்கவில்லை. “வயித்தில பிள்ளையை வச்சுக்கொண்டு கள்ளக் கையெழுத்துப் போடமாட்டன்.”

“வகுப்பு நிண்டு போனா உங்களுக்குத்தானே அக்கா கஷ்டம்?”

“ஓம். எனக்குத்தான்.”

பாலன் அதையும் தானே கிறுக்கி முடித்தான். ஜெசிந்தா கார்பன் பிரதியை மேசையில் விட்டு, மேல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். நான் பின்னால் ஓடினேன். கர்ப்பிணி என்னைவிட வேகமாக இறங்கினாள்! கீர்ஸ்டனின் மேசை முன் நின்று, மூச்சு வாங்க, தன் வாழ்வின் முதல் இங்கிலீஷ் சொற்பொழிவை ஆற்றினாள்.

“மேடம். ஃபோர் பீப்பிள் நொட் கம். சைன் இஸ் லை. ஐ வோன்ட் கிளாஸ். லை, ஐ நொட் வோன்ட்.”

நான் தரையைப் பார்த்தேன். செஸ் காய்கள் உருளும் சத்தமே காதில் கேட்டது.

கீர்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றினார். “தெரியும். கோப்பை கழுவுவது நான்தானே? பத்துக் கையெழுத்து, ஆறு கோப்பை. ஐந்து வாரமாக.” (கோப்பி குடிக்காத ஒரே ஆள் நான். அதையும் கவனித்திருக்கிறார்.)

பிறகு தாளில் ‘10’ என்பதை வெட்டி ‘6’ என்று எழுதினார். “இனி ஆறு பேர் போதும்.” அவ்வளவுதான் விதி! என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெசிந்தாவிடம் மட்டும் கேட்டார். “உங்களுக்கு ஏன் இந்த வகுப்பு இவ்வளவு முக்கியம்?”

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

மேலே பாலன் தலையில் கை வைத்திருந்தான். “சுவாமியாரிட்டச் செய்யிற பாவசங்கீர்த்தனத்தைக் கொண்டுபோய் லைப்ரரியில செய்திட்டாவே மாஸ்டர்!”

அன்று முதல், வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் கீர்ஸ்டன் ஒரு படப் புத்தகத்தோடு ஜெசிந்தாவைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். என்னால் சொல்லிக்கொடுக்க முடியாத சொற்கள் அங்கே படிக்கப்பட்டன. சில நாள் உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்கும், இரண்டு குரலிலும்.

மார்ச்சில் ஜெசிந்தா மருத்துவிச்சியிடம் தனியாகப் போனாள். சொல்லாமல் விட்டதைச் சொன்னாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, பயமில்லை என்று அனுப்பினார்கள்.

அடுத்த வியாழன் பாலன் ஆவலோடு கேட்டான். “என்னக்கா கேட்டவ?”

“அது உமக்குத் தேவையில்லைத் தம்பி.”

வகுப்பே கை தட்டியது. அன்று ஒன்பது பேர், ஒன்பதும் அசல்.

மே மாதம் பெண் குழந்தை. நாள், நேரம், எடை எல்லாம் என் டயரியில் உண்டு. தாயிடமே கேட்டு எழுதியது.

ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது. பத்துப் பேர் என்ற விதி உண்மையில் இருந்ததா? இல்லை, நாங்கள் ஒழுங்காக வர வேண்டும் என்று கீர்ஸ்டன் சும்மா சொன்னதா? நூலகத்துக்கு எழுதிக் கேட்டேன். அந்த வருடத்துத் தாள்கள் இல்லை என்று பதில் வந்தது. கீர்ஸ்டன் ஓய்வுபெற்று வேறு ஊர் போய்விட்டார். டிசம்பரில் நான் அனுப்பிய நத்தார் கார்டு திரும்பி வந்துவிட்டது. ஆகவே: சரிபார்க்கப்படவில்லை.

செஸ் கிளப் இருந்ததா என்பதும் அப்படியே. அந்தப் படிகளில் ஒரு செஸ்காரரையும் நான் கண்டதில்லை.