ஆறாவது சத்தம்

ஓய்வுபெற்ற பிறகு, நானுஓயாவுக்கு அருகே துப்பாக்கி சுடும் மைதானத்தில் நேரமானி பிடிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். விதிப்புத்தகம் முழுவதும் மனப்பாடம் என்ற திமிர். அந்தக் கருவி ‘பீப்’ என்று ஒலித்துவிட்டு, அதன் பிறகு கேட்கும் ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் நேரம் குறிக்கும். வெடித்தது யார் என்று அது பார்ப்பதில்லை.

அன்று மாவட்ட அணிக்கான தெரிவு. லிந்துலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் கைத்துப்பாக்கியால் ஐந்து முறை சுட்டார். கருவி ஆறு என்று காட்டியது. கொடுத்த தோட்டாக்களுக்கு மேல் ஒரு ரவை கூடினாலும் போட்டியிலிருந்து நீக்கம் என்பது விதி. நீக்கம் என்று எழுதினேன்.

“அஞ்சுதாங்க சேர் சுட்டேன். அந்தா, லீக்ஸ் தோட்டத்துல பன்னிக்கு வெடி போட்டாங்களே, காதுல விழலீங்களா?”

விழுந்திருந்தது. “மெசின் பொய் சொல்லாது டீச்சர்” என்றேன்.

அவர் குனிந்து, சுட்ட ரவைகளின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். ஐந்து. காலையில் ஐந்து ரவைகளை எண்ணிக் கொடுத்து அவரிடம் கையெழுத்து வாங்கியவனும் நான்தான்.

“அப்ப ஆறாவது ரவைக்கும் ஒரு கையெழுத்துப் போட்டுறவாங்க சேர்?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் எழுதியதை நான் அடிக்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. அணி அவர் இல்லாமலே போட்டிக்குப் போனது. அவரும் அதன் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. நானோ அன்று மாலை, அந்த ஐந்து கோதுகளையும் நடைமுறைப்படி எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.