இருட்டை இருட்டாகக் காட்டும் பிளேயர்

புதிதாக ஒரு வீடியோ பிளேயரைக் கணினியில் ஏற்றுவதற்கு முன் ஜெகதீஸ்வரன் செய்யும் முதல் காரியம், ஜன்னலோரம் இருக்கும் மோடத்திலிருந்து ஒயரைப் பிடுங்கி மேசை மேல் போடுவது. பிடுங்கிய ஒயர் தானாகப் போய் மாட்டிக்கொள்ளுமோ என்பதுபோல அதை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். பிறகுதான் மவுசைத் தொடுவார். “உள்ள வந்ததும் இது ஆருக்கு என்னத்தச் சொல்லி உடுதோ, ஆரு கண்டா” என்பார்.

ஏற்றும்போது வரும் ஒவ்வொரு பெட்டியையும் படிப்பார். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒரு பெட்டியைப் படித்து முடிப்பதற்குள் பக்கத்தில் இருக்கும் டீ ஆறிப்போகும். ‘நெக்ஸ்ட்’ என்ற பொத்தான் மேல் அவருக்குத் தீராத சந்தேகம். “மொத நெக்ஸ்ட்டு ஒழுக்கமா இருக்குங்க. ரெண்டாவதும் ஒழுக்கந்தான். மூணாவதுல பாருங்க, ஒறம்பரை சனத்தையெல்லாம் கூட்டிக்கிட்டு ஊட்டுக்குள்ள பூந்துரும்.” பட்டுத் தெரிந்து சொல்வதுதான். எப்போதோ ஏற்றிய ஒரு பிளேயரோடு சேர்ந்து வந்த சீட்டாட்ட விளம்பரம், பிளேயரை நீக்கிய பிறகும் பல நாள் திரையை விட்டுக் கிளம்பவில்லை. இலவசமாகக் கொடுப்பவனை அவர் நம்புவதில்லை, எதற்குக் கொடுக்கிறான்? காசு கேட்பவனையும் நம்புவதில்லை, இத்தனை பேர் சும்மா கொடுக்கும்போது இவன் எதற்குக் கேட்கிறான்?

“என்னயப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட எங்கப்பனை இத்தனை கேள்வி கேக்கலீங்க இவரு” என்று சித்ரா உள்ளேயிருந்து சொல்வார். மனைவி சொல்வது காதில் விழாத மாதிரி அவர் அடுத்த பெட்டியைப் படித்துக்கொண்டிருப்பார்.

வெண்ணந்தூரில் அவருக்குத் தொழில், ஆழ்குழாய்க் கிணறுகளுக்குள் கேமரா இறக்குவது. முழ நீளத்தில் ஒரு கேமரா, அதன் முகத்தைச் சுற்றி வளையமாகச் சின்ன விளக்குகள், உருளையில் சுற்றிய நீளமான ஒயர், இவற்றை ஏற்றிக்கொண்டு போக ஒரு பழைய வேன். மோட்டார் எங்கே சிக்கியிருக்கிறது, குழாய் எந்த இடத்தில் உடைந்திருக்கிறது, பாறையில் எங்காவது ஊற்றுக்கண் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தோட்டங்காட்டில் அடிக்கிற வெயிலில், கேமராவோடு வரும் கையகலத் திரையில் ஒன்றும் தெரியாது. அதனால் ஆட்டையாம்பட்டியிலிருந்தும் பனமரத்துப்பட்டியிலிருந்தும் விவசாயிகள் அவர் வீட்டு முன்னறைக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தங்கள் நிலத்தின் உள்பக்கத்தைக் கணினியில் பார்ப்பார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஒரே கிணறு ஒவ்வொரு பிளேயரில் ஒவ்வொரு மாதிரி தெரிகிறது என்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்துதான் இந்தச் சந்தேகம் முற்றியது. அவர் கழித்துக்கட்டிய பிளேயர்களுக்கு அவரே பெயர் வைத்திருக்கிறார். ஒன்று அவசரக்காரன்; நடுநடுவே தாவிவிடும், தாவிய இடத்தில்தான் குழாய் உடைந்திருக்கும். ஒன்று மொட்டையன், படத்தைத் திரை முழுக்க இழுத்துக் காட்டுகிறேன் என்று மூலையில் ஓடும் அடிக்கணக்கை வெட்டிவிடும். ஆழம் தெரியாத ஊற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லாவற்றையும்விட அவர் வெறுப்பது மேக்கப்காரனை. மங்கலான படத்தைத் தானே துலக்கி, இருட்டைக் கரைத்து, பாறையை எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளவென்று காட்டும். “இருட்டு இருட்டாத்தான் இருக்கோணும். அதுக்கு எதுக்குங்க பவுடரு?”

எந்தப் பிளேயரையும் சோதிக்க அவரிடம் ஒரே படம்தான் உண்டு. அது அவர் வீட்டுக் கொல்லையில் போர் ஓட்டிப் பொய்த்துப்போன கிணறு. தேங்காயைக் கையில் வைத்து நடந்தவர், கம்பியைப் பிடித்து நடந்தவர், மாமனார், பங்காளிகள் என்று எல்லோரும் தண்ணீர் இருக்கிறது என்று அடித்துச் சொன்ன இடம். வெள்ளை மாவாகப் புழுதி பறந்ததுதான் மிச்சம். கேமரா வாங்கியதும் முதலில் இறக்கியது அந்தக் குழிக்குள்தான். “அத்தனை பேரும் இருக்குதுன்னாங்க. கேமரா ஒண்ணுதான் இல்லீன்னுச்சு” என்பார், ஏதோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. அந்தப் படத்தை ஓட்டும்போது எந்தப் பிளேயர் ஈரம் காட்டுகிறதோ, அது பொய்யன். அன்றைக்கே கணினியை விட்டு வெளியேற்றிவிடுவார்.

தனசேகரும் மஞ்சுளாவும் ஒரு சாயங்காலம் வந்தார்கள். ராசிபுரம் பக்கம் பாக்குத் தோப்பு வைத்திருக்கும் தம்பதி. முந்தின நாள்தான் அவர்களுடைய புதுக் கிணற்றில் கேமரா இறக்கி, அடி வரை வறண்ட பாறை என்று சொல்லி, படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். தோப்பில் மட்டைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. பக்கத்துக் காட்டில் நின்ற, போர் ஓட்டும் ரிக் வண்டி மறுநாள் விடியற்காலை கர்நாடகம் கிளம்புகிறது. அதே குழியில் இன்னும் ஆழமாக ஓட்டுவதென்றால் கறவை மாடுகளை விற்றாக வேண்டும். ஓட்டாவிட்டால் தோப்பு போய்விடும். அன்று இரவுக்குள் வண்டிக்காரனுக்குச் சொல்லிவிட வேண்டும்.

தனசேகர் உட்காரவில்லை. படத்தைத் தங்கை பிரபா வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்ததாகவும், கடைசி அடிகளில் பக்கச் சுவர் ஈரத்தில் மின்னுவது அப்பட்டமாகத் தெரிந்ததாகவும் சொன்னார். ஓட்டிய குழியை வறண்டது என்று சொல்லிப் புது இடத்தில் ஓட்ட வைத்தால் கேமராக்காரருக்கு ரிக் வண்டிக்காரன் கமிஷன் கொடுப்பான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் சுவரைப் பார்த்துச் சொன்னார். மற்றவர்களைச் சந்தேகப்பட்டே பழகிய மனிதருக்கு, தான் சந்தேகப்படப்படுவது புதிது. ஜெகதீஸ்வரனின் காது மடல் சிவந்தது.

“எந்தப் பிளேயருங்க தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

அதையும் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார்கள். ஒயரைப் பிடுங்கினார். பெட்டி பெட்டியாகப் படித்தார். தனசேகர் பொறுமையிழந்து வாசலுக்கும் முன்னறைக்கும் நடந்தார். மஞ்சுளா மட்டும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டு, அவர் படிப்பதைத் தானும் படித்துக்கொண்டிருந்தாள்.

படம் ஓடியது. கடைசி அடிகளில் பாறை மின்னத்தான் செய்தது. மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று மேலிருந்து கீழாக இறங்கியது. தன் பிளேயரில் அதே இடத்தை ஓட்டினார். சாம்பல் நிறப் பாறை, அவ்வளவுதான்.

“மேக்கப்காரன்” என்றார் ஜெகதீஸ்வரன். “அது வெங்கச்சங்கல்லுங்க. வெள்ளக் கல்லு, லைட்டுப் பட்டா மினுக்கும். இவன் அத எடுத்துத் தண்ணியாட்டப் பூசிக் காட்டுறான். நம்பலீன்னா இருங்க, என்ற போரைப் போட்டுக் காட்டறேன்.”

தன் கொல்லைக் கிணற்றைப் புதுப் பிளேயரில் ஓட்டினார். வறண்ட சுவர் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. அடியை நெருங்கும்போது அங்கேயும் ஒரு வெள்ளிக் கோடு. அவர் நாற்காலியில் சாய்ந்தார். வழக்கில் ஜெயித்தவரின் முகம்.

“பாத்தீங்களா? பொட்டுத் தண்ணி இல்லாத போரு இது. இதுலயே தண்ணி காட்டுறான். உங்குளுதுல காட்ட மாட்டானா?”

தனசேகர் நடப்பதை நிறுத்திவிட்டார். தலை தொங்கியது. மஞ்சுளா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்ண்ணா, உங்க போருல தண்ணி இல்லீன்னு எப்படித் தெரியும்?”

“கேமரா இறக்கிப் பாத்தனே அம்மிணி.”

“அதை எந்தப் பிளேயர்ல போட்டுப் பாத்தீங்க?”

அவர் மேசை மேல் கிடந்த ஒயரை எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார். உள்ளே மிக்சி ஓடி நின்றது. கொல்லையில் போர் ஓட்டிய அன்றைக்குக் கடைசிக் குழாய் இறங்கும்போது புழுதி கொஞ்சம் கட்டி கட்டியாக வருகிறது, ஈரம் இருக்கும்போல, இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம் என்று ரிக் வண்டிக்காரன் சொன்னது நினைவுக்கு வந்தது. கூடுதல் அடி ஓட்டவைத்துக் காசு பிடுங்கும் தந்திரம் என்று அவர்தான் கையை நீட்டி வண்டியை நிறுத்தினார். மாவைக் கையில் எடுத்துப் பார்த்தோமா? பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

“நா இல்லீன்னுதான் சொல்லுவேன்” என்றார் கடைசியில். குரல் திரையைப் பார்த்துப் போயிற்று.

“சொல்லுங்க. நீங்க சொல்றதச் சொல்லீட்டீங்க” என்றாள் மஞ்சுளா. கோபம் இல்லை அதில். எழுந்து, கணவனிடம் ரிக் வண்டிக்காரனைப் போனில் கூப்பிடச் சொன்னாள். தனசேகர் ஒரு தரம் ஜெகதீஸ்வரனைப் பார்த்தார், தடுப்பார் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. அவர் தடுக்கவில்லை. வாசலில் நின்று தனசேகர் பேசுவது கேட்டது: காலையில கெளம்ப வேண்டாமுங்க, நம்ம காட்டுக்கு வந்துட்டுப் போங்க. அவர்கள் வந்த பைக் திரும்பும் சத்தம் தெருமுனை வரை தேய்ந்தது.

சித்ரா வந்து, அந்தப் புதுப் பிளேயரைத் தூக்கிப் போட்டாயிற்றா, சாப்பாடு எடுத்துவைக்கலாமா என்று கேட்டார். ஜெகதீஸ்வரன் எழுந்து குழல்விளக்கை அணைத்தார். கொல்லைக் கிணற்றின் படம் அந்த வெள்ளிக் கோட்டில் நின்றிருந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு, தரையில் முட்டி போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தின் இருபுறமும் வைத்து உள்ளேயிருந்து வரும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்கும்வரை குனிந்தார்.