பசுவின் அச்சு

எல்லைப் போராட்டம் நடந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டுமா, மலையாளத்தோடு இருக்க வேண்டுமா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, தமிழ்ப் பக்கம். ஊர்வலத்தில் முன்னால் நின்றதற்காகப் போலீஸ் அவரைத் தேட, அவர் எங்கள் விறகுப்புரையில் ஒளிந்திருந்தார். அங்கே காற்று நன்றாக வருவதால் படுத்திருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன்.

அந்த மாதம் பக்கத்தில் இரண்டு வீடுகளில் வைசூரி கண்டது. ஒரு குழந்தை போய்விட்டது. நெய்யாற்றின்கரையிலிருந்து அச்சுகுத்துக்காரர் வருகிறார் என்றார்கள். அம்மை வராமல் கையில் குத்துவதற்கு எங்கள் பக்கம் அச்சுகுத்து என்று பெயர். எனக்கு அது தெரியாது. நமக்கெல்லாம் மலையாள முத்திரை குத்தப் பார்க்கிறார்கள் என்று மாமா அடிக்கடி பொருமுவது மட்டும் தெரியும். இரண்டையும் சேர்த்து நானே முடிவுகட்டினேன். குத்திவிட்டால் நான் மலையாளம், மாமா தமிழ். அப்புறம் அவரை எப்படிப் பார்ப்பது?

அச்சுகுத்துக்காரர் முற்றத்தில் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்ததும் நான் பலாமரத்தைக் கட்டிக்கொண்டேன். அம்மா கெஞ்சினாள், பிறகு அடித்தாள். மலையாள அச்சு வேண்டாம் என்று கத்தினேன். இனி இந்தப் பக்கம் வர மாட்டேன் என்று அவர் விளக்கை அணைக்கப் போனார். அம்மாவின் முகம் வெளுத்தது. அப்போதுதான் மாமா விறகுப்புரையிலிருந்து வெளியே வந்தார்.

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, வட்டத் தழும்புகளைக் காட்டினார். "இஞ்ச பாரு மக்கா. எனக்கும் சின்னதுல குத்தினதாக்கும். நான் மலையாளமா ஆயிட்டனா?"

சர்க்கார் ஆளின் முன்னால் சொல்லக்கூடிய பேச்சா அது? அச்சுகுத்துக்காரர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் குந்தி உட்கார்ந்தார். பசுவுக்கு வரும் அம்மையிலிருந்து நீர் எடுத்துத்தான் மனிதருக்கு முதலில் குத்தினார்களாம். லத்தீனில் பசுவுக்கு உள்ள சொல்லிலிருந்துதான் இங்கிலீஷில் வாக்சின் வந்ததாம். மலையாளத்தில் கோவசூரி என்பதும் அதுதான், கோ என்றால் பசு என்றார்.

"மோளே, இது பசுவின்ற அச்சாக்கும். பசுவுக்கு மலையாளமும் இல்ல, தமிழும் இல்ல."

நான் மரத்தை விட்டேன். பசு என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கையை நீட்டினேன், விளக்கில் காய்ச்சிய ஊசி அச்சை வைத்து அழுத்தித் திருகினார். பிறகு பதிவுப் புத்தகத்தை விரித்து, "இவிடெ பெரிய ஆணுங்க ஆரும் இல்லல்லோ" என்று அவரே சொல்லி, அப்படியே எழுதிக்கொண்டார். எதிரே நிற்கும் மாமாவே தெரியாத கண்ணை வைத்துக்கொண்டா எனக்குக் குத்தினார் என்று பயந்தேன்.

அவர் வாசல் படலையைத் தாண்டியதும் அம்மா அங்கேயே உட்கார்ந்து மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.